வள்ளுவருக்குத் தகப்பன் தேடிய கதை
(வள்ளியூர்ப் பொதுக்கூட்டத்தில் செய்த சொற்பொழிவு)



பெரிய புலவர்களைப்பற்றி நம் நாட்டில் வழங்கும் கதைகளைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல வந்திருக்கிறோம். எல்லோரும் அறிந்த வள்ளுவர் கதையையே எடுத்துக்கொள்ளுவோம்.

ஆதி என்ற பறைய வகுப்புப் பெண்ணுக்கும் பகவன் என்ற பார்ப்பானுக்கும் ஏழு பிள்ளைகளாம். பிள்ளையைப் பிறந்த இடத்திலேயே போட்டுவிட்டு நடக்கவேண்டுமென்பது புருஷன் போட்ட நிபந்தனையாம். தாய் கண்கலங்கி நிற்க, அன்று பிறந்த சிசு செய்யுள் பாடித் தேற்றிற்றாம்! உப்பை வண்ணார் வீட்டிலும், உறுவை கள் விற்பவர் சேரியிலும், வள்ளி குறவரிடத்திலும், ஔவை பாணரிடத்திலும், கபிலர் பார்ப்பனர் வீட்டிலும், அதிகமான் அரசன் வீட்டிலும், வள்ளுவர் மயிலையிலும் வளர்ந்தார்களாம்.

இந்தத் தாய் தகப்பன் பெயர்கள் எங்கே கிடைத்தன? முதற் குறளைப் பாருங்கள். ஆதி, பகவன் என்ற இரண்டு சொற்களும் அங்கே பக்கத்தில் பக்கத்தில் உட்கார்ந்திருக்கின்றன. கடவுளைக் குறித்த சொற்களைப் பிய்த்து, ஒன்றைப் பெண்ணாக்கி, மற்றொன்றை ஆணாக்கி, கல்யாணமும் செய்து வைத்துவிட்டார்கள். நல்லவேளை, அடுத்த குறளுக்குப் போகவில்லை!

கூடப்பிறந்தவர்கள் சங்கதியோ இன்னும் வேடிக்கை. சாமிநாதய்யர் 1894ல் அச்சிட்ட புறநானூற்றில் ஔவையார் அதியமானைத் தம்மை ஆதரித்த வள்ளலென்று பாடினாரே தவிர, அண்ணன் தம்பியென்று பாடவில்லை. கபிலரோ தம்மை அந்தணரென்றே சொல்லிக்கொள்ளுகிறார்.

இக்கதையைச் சொல்லும் கபிலர் அகவல், ஜாதி பிறப்பில் இல்லையென்று வாதாடுகிறது என்பது வாஸ்தவமே. ஆனால் அவ்வளவு பேசியவர்களுக்கும், ஒரு பறையர் வீட்டுப் பிள்ளை குறள் பாடினானென்றால் தகப்பன் பார்ப்பானாயிருந்தாக வேண்டும்! தாழ்த்தப்பட்டவனுக்கு அறிவிருந்தால் அது இரவல் சரக்கு என்பதல்லாமல் இதற்கு வேறென்ன பொருள்? அயோத்திதாசப் பண்டிதர் (1845-1914) இக்கதையை மறுத்து எழுதினார். எத்தனை பண்டிதர்கள் அதைக் காதில் வாங்கினார்கள்?

நிற்க. வள்ளுவர் மனைவி வாசுகி தண்ணீர் இறைக்கையில் புருஷன் கூப்பிட, கயிற்றை விட்டுவிட்டு ஓடினாளாம். வாளி பாதிக் கிணற்றில் அப்படியே நின்றதாம். தாய்மார்களே, உங்கள் வீட்டுக் கிணற்றில் கயிற்றை விட்டுப் பாருங்கள். பிறகு பாதாளக் கரண்டி போட்டுத் துழாவ வேண்டியதுதான். சோற்றுப் பருக்கை சிந்தினால் குத்தியெடுக்க ஊசியும், கழுவத் தண்ணீரும் தினம் வைத்தாளாம். காரணத்தைச் சாகும்போதுதான் கேட்டாளாம். வாசுகி என்ற பெயரே குறளில் இல்லை. ஆயினும் கல்யாணப் பந்தலில் மணப்பெண்ணுக்கு வாசிக்கும் உபதேசம் இதுதான். புருஷனை ஏன் என்று கேட்காதே என்பதற்கு வள்ளுவரைச் சாட்சிக்கு இழுத்துவிட்டார்கள்.

இவையெல்லாம் பழங்காலத்து அறியாமை என்று சிரிக்கிறீர்கள். குறளை 1886ல் ஆங்கிலத்தில் வெளியிட்ட ஜி. யு. போப் பாதிரியாருக்கு என்ன நேர்ந்தது? அவர் நமக்கு வடகிழக்கேயுள்ள சாயர்புரத்தில் 1842 முதல் சில வருஷம் பள்ளி நடத்தியவர். 1908ல் இறந்தார். தம் கல்லறையில் "தமிழ் மாணவன்" என்று பொறிக்கச் சொன்னாரென்று பாடப்புத்தகம் முதல் பகுத்தறிவு மேடை வரை சொல்லுகிறார்கள். கல்லறை ஆக்ஸ்போர்டில் இருக்கிறது. அதில் அந்த வாசகம் கிடையாது. அவர் குடும்பத்தாரும், தென்னிந்தியாவிலுள்ள அன்புமிக்க தமிழ் நண்பர்களும், அவருடைய வாழ்நாள் உழைப்பை வியந்து வைத்த கல் என்றே எழுதியிருக்கிறது.

இக்கதையைப் பார்ப்பனர் கட்டவில்லை. நம் பெருமைக்கு இதமாயிருந்தது. ஆகவே கல்லைப் பாராமலே கைதட்டினோம். வாளி நின்ற கதைக்குச் சாட்சி கேட்கிற நாம் இதற்கு மட்டும் ஏன் கேட்கவில்லை? இங்கிருந்த நண்பர்களும் சேர்ந்து கல் வைத்தார்கள் என்ற உண்மையில் என்ன குறைவு?

நேரமாகிவிட்டது. ஆட்சேபணையுள்ள தோழர்கள் சீட்டெழுதி அனுப்பலாம். தலைவர் அனுமதியின் பேரில் பதில் சொல்லுகிறோம்.