யார் கை வைத்தது?



என் அப்பா நெய்வேலி முதல் அனல்மின் நிலையத்தில் வேலை பார்த்தவர். 1962-இல் ஓடத் தொடங்கி 2020-இல் நிறுத்தப்பட்டதே, அதே நிலையம்தான். ஷிப்ட் முடிந்தால் லாக் புக்கில் எழுதிக் கையெழுத்துப் போடாமல் கிளம்பமாட்டார். வீட்டில் சாப்பாடு ஆறிப்போகும், அம்மா திட்டுவார்கள். அந்தக் கையெழுத்தின் அருமை கம்ப்யூட்டர் வேலைக்குப் போன பிறகுதான் எனக்குப் புரிந்தது.

சென்னையில் ஒரு கம்பெனி, பெயர் வேண்டாம். ஒரு மாதம் சம்பளக் கணக்கு தப்பாக வந்தது. டேட்டாபேஸில் அந்தக் கணக்கைப் போடும் ஸ்டோர்டு புரொசீஜரை யாரோ மாற்றியிருக்கிறார்கள். எஸ்கியூஎல் சர்வரில் 'சிஸ்.ஆப்ஜெக்ட்ஸ்' பார்த்தோம். மாற்றிய தேதி, நேரம் இருந்தது. ஆள் பெயர் இல்லை. அங்கே அது இருக்கவும் இருக்காது. ஆரக்கிளிலும் இதே கதைதான். சர்வர் தானாக எழுதும் டிஃபால்ட் டிரேஸில் பெயர் இருக்கும். ஆனால் அது 20 எம்பி அளவில் 5 ஃபைல்தான். நிரம்பினாலோ, சர்வரை நிறுத்திப் போட்டாலோ புது ஃபைல் தொடங்கும், பழையது போய்விடும். எங்களுக்குப் போயே போச்சு. இருந்திருந்தாலும் என்ன? ஆறு பேரும் 'எஸ்ஏ' என்ற ஒரே லாகினில்தான் வேலை செய்தோம்.

பழி, புதிதாகச் சேர்ந்த ஒரு தம்பி மேல் விழுந்தது. அன்று ராத்திரி கடைசியாகக் கிளம்பியவன் அவன். மூன்றாம் நாள் என் பழைய ஸ்கிரிப்டுகளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு வயிற்றைக் கலக்கியது. டெஸ்ட் என்று நினைத்து லைவில் ஓட்டியது நான்! மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். திட்டு விழுந்தது, அது பெரிதல்ல. அந்த மூன்று நாளும் அவன் சரியாகச் சாப்பிடவில்லை என்று பிறகு தெரிந்தது.

மறுவாரமே ஆளுக்கொரு லாகின் கொடுத்து, டிடிஎல் டிரிக்கர் போட்டோம். எஸ்கியூஎல் சர்வர் 2005 முதல் இந்த வசதி உண்டு. 'ஈவென்ட்டேட்டா' என்ற ஃபங்ஷன் யார், எப்போது, என்ன கட்டளை என்று எல்லாம் தரும்; ஒரு டேபிளில் எழுதி வைக்கலாம். ஒன்று கவனிங்க: அந்த டேபிளில் எழுத அனுமதி இல்லாதவர் ஏதாவது மாற்றினால், அவர் செய்த மாற்றமே ரத்தாகிவிடும். எங்களுக்கு முதல் நாளே அப்படி ஆச்சு. எழுத மட்டும் அனுமதி கொடுங்க. திருத்தவோ அழிக்கவோ கூடாது.

'எங்க மேல நம்பிக்கை இல்லையா?' என்று சிலர் முறைத்தார்கள். இப்போது சட்டமே வந்துவிட்டது. 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிகள் கணக்கு எழுதும் மென்பொருளில் ஒவ்வொரு திருத்தமும் தேதியோடு பதிவாக வேண்டும். அந்தப் பதிவை நிறுத்திவைக்க முடியாதபடியும் இருக்க வேண்டும்.

டிரிக்கரை முழுதாக எழுதி ஜெராக்ஸ் எடுத்து வந்திருக்கிறேன். பந்தியில் என் பக்கத்தில் உட்காருபவர்கள் வாங்கிக்கொள்ளலாம்.