நமது லயத்துக்கும் ஒரு வரைபடம்

(கிளிவெட்டியில் நடைபெற்ற அங்கத்தவர் குடும்பக் கூட்டத்தில் எமது சங்கத்தின் கலைக்குழு ஆற்றிய உரை)



சம்பளத்தைப் பற்றியும் சேமலாப நிதியைப் பற்றியும் கேட்கத்தான் நீங்கள் வந்திருக்கிறீர்கள். அவற்றைச் செயலாளர் சொல்லிவிட்டார். எங்களுக்குத் தந்திருக்கும் கொஞ்ச நேரத்தில் நாங்கள் படம் வரைகிறவர்களைப் பற்றிப் பேசப் போகிறோம். "அரிசிக்கே வழியைக் காணோம், இதில் படம் ஒரு கேடா?" என்று பின்வரிசையில் ஒரு அம்மா சொன்னது எங்கள் காதிலும் விழுந்தது. நியாயமான கேள்விதான் அம்மா. நாங்கள் பேசி முடித்ததும் நீங்களே பதில் சொல்லுங்கள்.

கொழும்பில் கொம்பனித்தெரு என்று ஓர் இடம் இருக்கிறது. கோட்டையிலிருந்து நடந்தே போய்விடலாம். பேரை வாவியின் ஓரம். கடைகளிலும் வீடுகளிலும் வேலைக்குப் போன நமது பிள்ளைகள் பலருக்கு அந்தப் பக்கம் தெரிந்திருக்கும். ஆங்கிலத்தில் அதற்கு வைத்த பெயருக்கு அடிமைத் தீவு என்று பொருள். ஒல்லாந்தர் காலத்தில் அடிமைகளை அடைத்து வைத்த இடம் என்பதால் அந்தப் பெயர். அண்மையில்தான் அதை விட்டுவிட்டு எல்லா மொழியிலும் கொம்பனித்தெரு என்றே வழங்க அரசாங்கம் தீர்மானித்தது. அங்கே மலாயர், முஸ்லிம்கள், தமிழர், சிங்களவர் எல்லோரும் தலைமுறை தலைமுறையாகச் சுவரோடு சுவராக வாழ்ந்து வருகிறார்கள். பள்ளிவாசலும் கோயிலும் பன்சாலையும் கூப்பிடு தூரத்தில்.

ஒரு விஷயத்தைக் கவனியுங்கள். கொழும்பிலே ஏழைகளின் நெருக்கமான குடியிருப்பைச் சிங்களத்தில் 'வத்த' என்பார்கள். வத்த என்றால் தோட்டம். நாமும் தோட்டத்தார்தான், அவர்களும் தோட்டத்தார்தான். நம்மைத் 'தோட்டக்காட்டான்' என்று ஏளனம் செய்தவர்கள் இருந்தார்கள். அவர்களை 'வத்தக்காரன்' என்று ஏளனம் செய்கிறவர்கள் இருக்கிறார்கள். கொம்பனித்தெரு என்று முகவரி சொன்னால் முகத்தைச் சுளிக்கிறவர்களும் இருக்கிறார்கள்.

யுத்தம் முடிந்த மறுவருடம், 2010 இல், நகர அபிவிருத்தி அதிகார சபை பாதுகாப்பு அமைச்சின் கீழ் கொண்டுவரப்பட்டது. அந்த வருடம் மே 8 ஆம் திகதி கொம்பனித்தெருவில் மியூஸ் வீதி வீடுகள் இடிக்கப்பட்டன. ஆமியும் பொலிஸும் நிற்க, மக்கள் கையில் அகப்பட்டதை எடுத்துக்கொண்டு வெளியேறினார்கள். பிறகு கொழும்பு முழுவதிலும் ஏறத்தாழ 70,000 குடும்பங்களைக் குடியிருப்புகளிலிருந்து எடுத்து மாடிவீடுகளில் வைக்கும் திட்டம் வந்தது. கொம்பனித்தெருவின் பழைய ஒழுங்கைகளுக்கு மேலே கண்ணாடிக் கோபுரங்கள் எழும்பின. கோபுரம் கட்டியவர்களின் வரைபடத்தில் அந்த ஒழுங்கைகள் வெற்று நிலம். அங்கே யார் இருந்தார்கள் என்பதற்கு அந்தப் படத்தில் இடமில்லை.

ஃபிரி ரஹ்மான் என்ற இளைஞர் அந்தத் தெருவின் பிள்ளை. அழிந்துபோகும் பறவைகளையும் மிருகங்களையும் பேனையால் நுணுக்கமாக வரைந்து பெயர் எடுத்தவர். அழிந்து வரும் உயிர்களை வரைந்துகொண்டிருந்தவர், தமது சொந்தத் தெருவும் அதே பட்டியலில் இருப்பதைக் கண்டார். 2018 இல் பரிலோஜிதன் ராமநாதன், விக்கி ஷாஜஹான் போன்ற கலைஞர்களோடு சேர்ந்து ஒரு வேலையைத் தொடங்கினார். அதற்கு அவர்கள் வைத்த பெயரின் பொருள், 'நாங்கள் இங்கே உள்ளவர்கள்'.

அவர்கள் செய்தது மிகவும் எளிய காரியம். ஒழுங்கை ஒழுங்கையாக நடந்தார்கள். வீட்டு வாசலில் உட்கார்ந்து வயதானவர்களிடம் கதை கேட்டார்கள். அந்த வட்டாரத்தில் எல்லோருக்கும் தெரிந்த, வெளியே யாருக்கும் தெரியாத மனிதர்களின் படங்களைச் சுவர்களில் வரைந்தார்கள். எந்தச் சுவரில் யாருடைய கதை இருக்கிறது என்று காட்ட ஒரு வரைபடமும் செய்தார்கள். அந்தப் படத்தைப் பிடித்துக்கொண்டு வெளியூர்க்காரன் நடந்தால், அவன் பயந்த தெருவிலேயே மனிதர்களைச் சந்திப்பான். கோபுரக்காரர்களின் படத்துக்கு எதிராகக் குடியிருந்தவர்களின் படம் அது.

அதே தெருவில் ரியோ என்ற திரையரங்கு இருக்கிறது. 1965 இல் திறக்கப்பட்டது. 1983 ஜூலையில் தீ வைக்கப்பட்டது. நெருப்புத் தின்ற அந்தக் கட்டடம் இடிபடாமல் நின்றது. பல வருடங்களுக்குப் பின் ஓவியர்கள் அதற்குள்ளேயே கண்காட்சி வைத்தார்கள். எரிந்த சுவரை மறைக்காமல் அதன் நடுவிலேயே படங்களை வைத்தார்கள். 83 இல் என்ன நடந்தது என்று இந்தக் கூட்டத்தில் நாங்கள் விளக்க வேண்டியதில்லை. 1977 இலும் 1983 இலும் மலையகத்திலிருந்து உடுத்த துணியோடு வடக்குக்கும் கிழக்குக்கும் வந்த குடும்பங்களின் பிள்ளைகளும் பேரப்பிள்ளைகளும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள்.

கிளிவெட்டிக்கு இந்தக் கதை புதிதுமல்ல. 2006 இல் சம்பூரிலிருந்து எழும்பியவர்களுக்கு இங்கே தற்காலிக முகாம் இருந்தது. தகரமும் தறப்பாளுமாக வருடக்கணக்கில் வாழ்ந்தார்கள். 2015 இலும் 2016 இலும் காணி விடுபட்டுத் திரும்பிப் போனபோது, பலருக்குத் தமது வளவு எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதே தெரியாதபடி நிலம் மாறிக் கிடந்தது. கிணற்றை வைத்தும் மரத்தை வைத்தும்தான் அடையாளம் கண்டார்கள்.

இந்த நினைவைத்தான் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் ஓவிய ஆசிரியர் தா. சனாதனன் கையில் எடுத்தார். இடம்பெயர்ந்த மக்களிடம் ஒரு தாளைக் கொடுத்து, இழந்த வீட்டை ஞாபகத்திலிருந்து வரைந்து தரும்படி கேட்டார். படிப்பறிவு குறைந்தவர்களும் வரைந்தார்கள். சமையலறை எங்கே, சாமியறை எங்கே, மாமரம் எங்கே என்று வரைந்தார்கள். அப்படி வந்த 80 வீடுகளின் படங்கள் 2011 இல் புத்தகமாயின. தோம்பு என்பது காணிப் பதிவேட்டுக்கான பழைய பெயர். முடிவுறாத தோம்பு என்ற பொருளில் அந்தப் புத்தகத்துக்குப் பெயர் வைத்தார். அரசாங்கத்தின் தோம்பில் அகப்படாததை மக்களே தங்கள் கையால் பதிந்தார்கள்.

இப்போது நமது பக்கம் வருவோம்.

நமது பாட்டன் பூட்டன் மலையேறி 200 வருடம் ஆகிவிட்டது. 2023 இல் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடந்து அதை நினைவுகூர்ந்தோம். 1948 இல் பிரஜாவுரிமைச் சட்டம் நம்மை நாடற்றவர் ஆக்கியது. அதைத் திரும்பப் பெறுவதற்குள் இரண்டு தலைமுறை போய்விட்டது. இன்றைக்கும் எத்தனையோ லயங்களில் கதவிலக்கம் இல்லை, தெருப் பெயர் இல்லை. கடிதம் தோட்டத்து ஆபீசுக்கு வரும். அங்கிருந்து கை மாறிக் கை மாறி வரும். நேர்முகப் பரீட்சை முடிந்த பிறகு அழைப்புக் கடிதம் கைக்கு வந்த பிள்ளையின் கண்ணீரை எங்கள் குழுவில் சிலர் நேரில் பார்த்திருக்கிறோம். 10 அடிக்கு 12 அடிக் காம்பராவில் நாலு தலைமுறை வாழ்ந்திருக்கும். அங்கே வாழ்ந்ததற்கு எழுத்திலே இருப்பது செக்ரோலில் ஒரு பெயர் மட்டும்.

2014 ஒக்டோபர் 29 காலையில் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியது. மண்ணுக்குள் போனவர்கள் எத்தனை பேர் என்பதையே உறுதியாகச் சொல்ல முடியாமல் நாட்கள் கழிந்தன. ஆளுக்கொரு தொகை சொன்னார்கள். எந்தக் காம்பராவில் எத்தனை பேர் என்று லயத்தவர் கையிலேயே ஒரு கொப்பி எழுதி வேறிடத்தில் வைத்திருந்தால்? செத்தவர்கள் திரும்ப மாட்டார்கள். ஆனால் அவர்களைத் தொகையாக இல்லாமல் பெயராகச் சொல்லி அழுதிருப்போம்.

படம் வரைவது யாரோ படித்தவர்களின் வேலை என்று நினைக்காதீர்கள். ஹட்டனில் பிறந்த ஹனுஷா சோமசுந்தரம் தேயிலைச் சாயத்தையும் குடித்துப் போட்ட தேயிலைப் பைகளையும் வைத்தே தோட்டத்துப் பெண்களின் வாழ்க்கையை வரைகிறார். நமது வீட்டிலும் தேயிலை இருக்கிறது. கரித்துண்டும் இருக்கிறது.

ஒன்றை ஒளிக்காமல் சொல்லுகிறோம். சுவரில் வரைந்த படம் காணி உறுதி ஆகாது. கொம்பனித்தெருவில் படம் வரைந்ததால் கோபுரம் எழும்பாமல் நிற்கவில்லை. 7 பேர்ச் காணியும் அதற்கு நமது பெயரில் உறுதியும் வேண்டும் என்ற போராட்டத்தைச் சங்கம்தான் நடத்த வேண்டும், நாம்தான் நடத்த வேண்டும். ஆனால் பேச்சுவார்த்தை மேசையில் "இவர்கள் எப்போது வந்தவர்கள், எத்தனை குடும்பம்?" என்று கேட்கும்போது, பதிலைத் தோட்டத்து ஆபீஸ் சொல்லப் பார்த்துக்கொண்டிருப்பதா, நாம் சொல்லுவதா? அதற்குத்தான் இந்தப் படம்.

ஆகவே எங்கள் குழு ஒரு சிறிய வேலையை உங்களிடம் கேட்கிறது. ஒவ்வொரு லயத்துக்கும், இங்கே ஒவ்வொரு குடியிருப்புக்கும், ஒரு கொப்பி வையுங்கள். முதல் பக்கத்தில் பிள்ளைகள் படம் வரையட்டும். பீலி, கோயில், பிள்ளைக் காம்பரா, பிரட்டுக் களம், புதைகுழி மேடு, யார் நட்ட பலாமரம் என்று எல்லாம் அதில் வரட்டும். அடுத்த பக்கங்களில் காம்பரா வாரியாகப் பெயர்களை எழுதுங்கள். இப்போது இருப்பவர், அவருக்கு முன் இருந்தவர், இந்தியாவுக்கு அனுப்பப்பட்டவர், கொழும்பில் வேலைக்குப் போனவர். பாட்டிமார் சொல்லட்டும், பள்ளிக்கூடப் பிள்ளைகள் எழுதட்டும். பிறப்புச் சான்றிதழ், சேமலாப நிதித் துண்டு, பழைய செக்ரோல் துண்டு எது இருந்தாலும் பிரதி எடுத்துச் சேருங்கள். ஒரு பிரதி உங்களிடம் இருக்கட்டும், ஒரு பிரதி சங்கக் காரியாலயத்தில் இருக்கட்டும்.

லயம் இடிபட்டுப் புதிய வீடு வரும் நாள் வரட்டும். அதற்குத்தானே போராடுகிறோம். ஆனால் அந்த நாளில் நமது ஆட்கள் வெறும் நிலத்திலிருந்து எழும்பிப் போனவர்கள் போல ஆகிவிடக் கூடாது.

பின்வரிசை அம்மாவிடம் மறுபடி வருகிறோம். உங்கள் லயத்தின் முதல் காம்பராவில் முதன்முதல் அடுப்பு மூட்டியது யார் என்று உங்களுக்குத் தெரியும். எங்களுக்குத் தெரியாது, ஆபீசுக்கும் தெரியாது. கூட்டம் முடிந்ததும் கொப்பியோடு உங்கள் பக்கத்தில் வந்து உட்காருகிறோம். நீங்கள் சொல்லுங்கள், நாங்கள் எழுதிக்கொள்கிறோம்.