தொக்கு நின்ற சொற்கள்



இலக்கியம் பற்றிப் பேசவே என்னை அழைத்திருக்கிறார்கள். நான் பேசப்போவதோ ஒரு நோயாளியைப் பற்றி. அவர் என்னைப் பெற்ற ஐயா. ஆயினும் இலக்கியத்தை விட்டு வெகுதூரம் போய்விட மாட்டேன்.

யாழ்ப்பாணத்துக் கோயில்களில் கந்தபுராண படனம் நெடுநாள் வழக்கு. ஒருவர் செய்யுளை இராகத்தோடு வாசிப்பார். மற்றவர் பயன் சொல்வார். கச்சியப்ப சிவாசாரியாரின் பாடலைச் சந்தி பிரித்து, கொண்டு கூட்டிப் பொருள் விரிக்கும் அந்தப் பணியை எங்கள் ஊர்க் கோயிலில் ஐயா முப்பது ஆண்டுகளுக்கு மேலாகச் செய்துவந்தார். நான் பல்கலைக்கழகத்தில் கற்ற இலக்கணத்திலும் அவரருகில் சப்பாணி கட்டியிருந்து கற்றதே அதிகம்.

ஐயாவுக்கு உயர் இரத்த அழுத்தம் இருந்தது. "சுகமாயிருக்கிறவனுக்கு என்ன குளிசை?" என்று இடையிடையே மருந்தை நிறுத்திவிடுவார். அந்த அழுத்தம் நோவு காட்டாமலே குருதிக் குழாய்களைப் பழுதாக்கும் என்று தெரிந்திருந்தும் நாங்கள் அவரோடு வாதாடவில்லை. 2023ஆம் ஆண்டு மாசி மாதம் ஒரு விடியற்காலை கிணற்றடியில் விழுந்தார். மூளையின் இடப்பாதியில் குழாய் வெடித்துப் பெருமளவில் இரத்தம் கசிந்திருந்தது. 11 நாட்கள் நினைவில்லை. நினைவு மீண்டபோது வலக்கையும் வலக்காலும் அசையவில்லை. பேச்சும் இல்லை.

வீட்டுக்குக் கொண்டுவந்த பின்னர் எங்கள் நாட்கள் மணிக்கூட்டைச் சுற்றியே நடந்தன. படுக்கைப்புண் வராதிருக்க இரண்டு மணிக்கொருமுறை புரட்டிப் படுக்கவைக்க வேண்டும். தண்ணீர் புரையேறும்; கஞ்சியைத் தடிப்பாக்கி, நிமிர்த்தி இருத்தி, கரண்டி கரண்டியாகக் கொடுக்க வேண்டும். அம்மா இரவில் இருந்தபடியே உறங்கப் பழகிக்கொண்டார்.

மூன்றாம் மாதம் சொற்கள் தனித்தனியே வரத் தொடங்கின. "தண்ணி." "கோயில்." "தம்பி... கிணறு..." வேற்றுமை உருபில்லை, வினைமுற்றில்லை. தமிழாசிரியனாகிய எனக்கு உடனே நினைவில் எழுந்தது தொகைநிலைத் தொடர். உருபு மறைந்து நிற்கலாம் என்று நம் இலக்கணம் இடங்கொடுக்கிறது. கேட்பவன் அதை விரித்துக்கொள்வான். ஐயாவின் பேச்சு முழுவதுமே தொக்கு நின்றது. விரிக்க வேண்டியவன் நான். கிணற்றடியில் விழுந்ததைச் சொல்கிறாரா, கிணற்றைப் பார்க்க வேண்டும் என்கிறாரா, கிணற்றடி வாழைக்குத் தண்ணீர் விடச் சொல்கிறாரா?

1861இல் பரிஸ் நகரில் புரோக்கா என்ற மருத்துவர், ஓர் அசையை மட்டுமே திரும்பத் திரும்பச் சொல்லிவந்த நோயாளியின் மூளையை அவர் இறந்தபின் ஆராய்ந்து, அதன் இடப்பாதியின் முற்பகுதியில் பழுதைக் கண்டார். அந்த நோயாளி பிறர் சொன்னவற்றைப் பெரிதும் விளங்கிக்கொண்டிருந்தார் என்பதுதான் என் மனதைத் தைத்தது. சொல் போனவுடன் அறிவும் போனதென்று எண்ணிவிடுவது எத்தனை எளிது! எங்கள் வீட்டுக்கு வந்த உறவினர் பலர், ஐயா இல்லாதவர் போல அவர் தலைமாட்டிலிருந்தே அவரைப் பற்றிக் கதைத்தார்கள்.

நான் செய்ததும் குறைவானதன்று. ஒவ்வொரு பின்னேரமும் கரண்டியையும் செம்பையும் தூக்கிக் காட்டி, "ஐயா, இது என்ன? சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்டேன். பிழையாகச் சொன்னால் திருத்தினேன். ஒருநாள் அவர் சுவர்ப்பக்கம் முகத்தைத் திருப்பிக்கொண்டார். குசினி வாசலில் நின்ற அம்மா, "தம்பி, அவரை ஏன் சோதினை எழுதப் பண்ணுறாய்? அது உன்ரை வகுப்பில்லை" என்றார்.

அன்றிரவு மனம் பொறுக்காமல், விளக்கடியில் இருந்து கந்தபுராணத்துக் காப்புச் செய்யுளைப் படித்தேன். இரண்டாம் அடியில் இன்னொரு குரல் சேர்ந்தது. ஐயா! ஒரு சொல் தவறாமல், உருபு ஒன்றும் கெடாமல், இறுதிவரை பாடினார். அம்மா ஓடிவந்து அழுதார். பேச்சு வந்துவிட்டதென்றே எண்ணினோம். "ஐயா, தேத்தண்ணி குடிக்கப்போறியளோ?" என்றேன். வாய் திறந்தது, சொல் வரவில்லை.

பாட்டு வரும் வழி வேறு, பேச்சு வரும் வழி வேறு என்று பேச்சுச் சிகிச்சையாளர் விளக்கினார். பாடுவதில் மூளையின் வலப்பாதிக்கும் பெரும் பங்குண்டாம். சிறு தொடர்களை இராகத்தில் சொல்லி, இடக்கையால் தட்டிப் பழக்கும் முறையொன்றை அமெரிக்காவில் 1973இல் வெளியிட்டிருக்கிறார்கள். "தண்ணி வேணும்" என்பதை நாங்கள் கோயில் இராகத்திலேயே பாடினோம். எல்லாம் மீளவில்லை, நாலைந்து தொடர்கள் மீண்டன. பதிலுக்குக் காத்திருங்கள், அவர் வாக்கியத்தை நீங்கள் முடிக்காதீர்கள் என்றும் சிகிச்சையாளர் சொன்னார். நாற்பது நிமிடப் பாடவேளைக்குள் எல்லாவற்றையும் முடித்துப் பழகியவனுக்கு அந்தக் காத்திருப்புத்தான் மிகக் கடினமாயிருந்தது.

2024இல் கோயிலில் மீண்டும் படனம் தொடங்கியபோது, பயன் சொல்லும்படி என்னைக் கேட்டார்கள். ஐயாவைச் சக்கர நாற்காலியில் கொண்டுபோய் என் பக்கத்தில் இருத்தினோம். வாசிப்பவரோடு சேர்ந்து அவரும் மெல்லப் பாடினார். நான் பயன் சொன்னேன். மூன்றாம் நாள், ஒரு செய்யுளை முடித்து அடுத்ததற்குப் போக முனைந்தபோது, இடக்கையால் என் முழங்காலைத் தட்டினார்.

"பிழை."

தெளிவாகச் சொன்னார். எது பிழை என்று சொல்ல அவருக்கு வரவில்லை. சபை காத்திருந்தது; நானும் காத்திருந்தேன். பின்னர் செய்யுளின் முதற் சொல்லிலிருந்து ஒவ்வொன்றாக விரலை வைத்துக்கொண்டு போனேன். நான்காம் அடியில் ஒரு வினையெச்சத்தை நான் வேறொரு வினையோடு கொண்டு முடித்திருந்தேன். அதைத் திருத்திச் சொன்னதும் ஐயா கையை எடுத்தார்.