அளவு மாறினால் நிறமும் மாறும்

(பழைய மாணவிகள் சங்க நூற்றாண்டு ஒன்றுகூடலில் ஆற்றப்பட்ட உரை)



வைத்தியத் துறையிலிருந்து பேச வந்தால் நீரிழிவு, இரத்த அழுத்தம் என்று ஆரம்பிப்போம் என எல்லோரும் எதிர்பார்ப்பீர்கள். இன்று அதற்கு விடுமுறை. ஓர் இரசாயனவியலாளரின் கதையைச் சொல்லலாம் என்று வந்திருக்கிறோம். இரசாயனவியல் என்றதும் சில முகங்கள் சுருங்குவது தெரிகிறது. பயப்பட வேண்டாம், தேயிலையிலிருந்தே தொடங்குவோம்.

நம் தோட்டத் தொழிற்சாலைகளில் கொழுந்தை வாட்டி, உருட்டி, நொதிக்கவிட்டு, உலர்த்திய பிறகு சல்லடைக்கு அனுப்புவார்கள். பெரிய துண்டு பி.ஓ.பி., அதைவிடச் சிறியது பி.ஓ.பி.எப்., கடைசியில் விழுவது டஸ்ட். மலை ஒன்று, இலை ஒன்று. ஆனால் துண்டு சிறிதாகச் சிறிதாகச் சாயம் விரைவாக இறங்கும். பெயரும் விலையும் வேறாகும். அளவு மாறினால் குணம் மாறும் என்பது பசறையிலும் தெமோதரையிலும் ஹாலிஎலயிலும் பிறந்த நமக்குப் புதிய செய்தி அல்ல.

குறைகடத்தி என்ற வகைப் பொருள்களிலும் இப்படி ஒன்று நடக்கிறது, காரணம்தான் வேறு. ஒரு மில்லிமீற்றரைப் பத்து இலட்சம் பங்காக்கினால் ஒரு பங்கு ஒரு நனோமீற்றர். கட்மியம் செலனைட்டு என்ற பொருளின் பளிங்கு ஏறத்தாழ 2 நனோமீற்றர் இருந்தால் நீல ஒளி தருகிறது. அதே பொருள் 6 நனோமீற்றர் வரை வளர்ந்தால் சிவப்பு ஒளி தருகிறது. அவ்வளவு சிறிய இடத்துக்குள் அடைபட்ட இலத்திரனின் சக்தி, இடத்தின் அளவைப் பொறுத்து மாறுவதே இதற்குக் காரணம். இந்தப் பளிங்குகளைத்தான் குவாண்டம் புள்ளிகள் என்கிறார்கள். புதிய தொலைக்காட்சிப் பெட்டிகள் சிலவற்றில் நிறங்கள் துலக்கமாகத் தெரிவது இவற்றால்தான்.

1981இல் சோவியத் நாட்டில் அலெக்சி எகிமோவ் இதை நிறக் கண்ணாடியில் கண்டார். அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்தில் லூயிஸ் புரூஸ் கரைசலில் மிதந்த துணிக்கைகளில் கண்டார். மேசையில் சிறிது காலம் விட்டுவைத்த துணிக்கைகள் ஒளியை வேறுவிதமாக உறிஞ்சின. அவை வளர்ந்திருந்ததே காரணம் என்று அவர் உணர்ந்தார். 1993இல் மௌங்கி பவெண்டியும் அவருடைய மாணவர்களும் இந்த வளர்ச்சியைக் கைக்குள் கொண்டுவந்தார்கள். சூடான கரைப்பானில் மூலப்பொருள்களை ஒரேயடியாகச் செலுத்தி, விதைப் பளிங்குகளை உண்டாக்கி, வேண்டிய அளவு வந்ததும் வளர்ச்சியை நிறுத்தினார்கள். 2023இல் மூவருக்கும் இரசாயனவியலுக்கான நோபல் பரிசு கிடைத்தது. ஹார்வர்டில் எழுதிய முதலாவது இரசாயனவியல் பரீட்சையில் தமக்கு 100க்கு 20 புள்ளிகள்தான் கிடைத்தன, வகுப்பிலேயே அதுதான் கடைசி என்று பவெண்டியே சொல்லியிருக்கிறார்.

நாம் சொல்ல வந்த கதை இவர்களுடையது அல்ல. இந்தத் துறையில் நம் பக்கத்து நாட்டிலிருந்து போன ஒருவருடையது. பேராசிரியர் பிரசாந்த் காமத் கர்நாடகக் கரையோரத்தில் உள்ள பினகா என்ற சிறிய ஊரைச் சேர்ந்தவர். பம்பாய்ப் பல்கலைக்கழகத்தில் 1974இல் முதுமாணிப் பட்டமும் 1979இல் கலாநிதிப் பட்டமும் பெற்றார். பொஸ்டனிலும் டெக்சாஸிலும் ஆய்வு செய்துவிட்டு, 1983இல் இந்தியானா மாநிலத்தின் நொட்ரடாம் பல்கலைக்கழகத்துக்குப் போனார்.

அந்த 1983 நம் ஊருக்கு எப்படிப்பட்ட ஆண்டு என்பதை இந்தச் சபையில் விளக்கத் தேவையில்லை. அந்த ஆடி மாதத்தில் பதுளை நகரம் எரிந்தது. அந்த ஆண்டோடு புத்தகத்தை மூடிவைத்த அக்காமார் நம்மிடையே இருக்கிறார்கள்.

காமத் ஒரு கேள்வியைப் பிடித்துக்கொண்டு பல ஆண்டுகள் உழைத்தார். இந்தச் சிறு பளிங்கின் மீது ஒளி பட்டதும் கிளர்ந்தெழும் இலத்திரன் எங்கே போகிறது? அது வீணாகுமுன் பிடித்து மின்சாரமாக்க முடியுமா? 2006இல் அவருடைய குழு கட்மியம் செலனைட்டுப் பளிங்குகளை டைட்டானியம் ஈரொட்சைட்டுப் படலத்தோடு பிணைத்து, சூரிய ஒளியிலிருந்து மின் எடுக்கும் வழியைக் காட்டியது. 2008இல் வெவ்வேறு அளவுப் பளிங்குகளை ஒப்பிட்டுப் பார்த்தார்கள். சிறியது இலத்திரனை விரைவாகக் கைமாற்றியது. பெரியது கூடுதலான நிறங்களின் ஒளியை உறிஞ்சியது. ஆகவே எல்லா அளவும் சேர்ந்த கலமே சிறந்ததாக இருக்கும் என்று யோசனை சொன்னார்கள்.

2011இன் இறுதியில் இன்னும் எளிமையான ஒன்றை வெளியிட்டார்கள். பளிங்குப் பூச்சுள்ள துகள்களை நீரும் மதுசாரமும் சேர்ந்த கலவையில் குழைத்துத் தூரிகையால் பூசக்கூடிய சூரியப் பெயின்ட் அது. கிடைத்த வினைத்திறன் 1 சதவீதம் அளவுதான். கடைகளில் விற்கும் சிலிக்கன் தகடுகள் அதைவிடப் பல மடங்கு தரும். அந்தக் குறையை மறைக்காமல் எழுதிவிட்டு வேலையைத் தொடர்ந்தார்கள். 2016இல் சக்தித் துறைக்கென அமெரிக்க இரசாயனச் சங்கம் தொடங்கிய ஆய்வேட்டுக்கு முதல் ஆசிரியராகவும் காமத் பொறுப்பேற்றார்.

வைத்தியர்களாகிய நாங்கள் இந்தப் புள்ளிகளை ஆசையோடும் அச்சத்தோடும் பார்க்கிறோம். புற்றுநோய்க் கலங்களை ஒளிரவைத்துக் காட்ட இவற்றால் முடியுமா என்று ஆய்வுகள் நடக்கின்றன. ஆனால் கட்மியம் சிறுநீரகத்தைக் கெடுக்கும். நம் பதுளை மாவட்டத்தின் கிராந்துருகோட்டையில் காரணம் முடிவாகத் தெரியாத சிறுநீரக நோய் குடும்பங்களை வாட்டுகிறது. அங்கும் சந்தேகிக்கப்பட்டவற்றில் கட்மியம் ஒன்று. அதனால் இந்தியம் பொசுபைட்டு போன்ற, கட்மியம் இல்லாத பளிங்குகளை நோக்கித் துறை நகர்ந்து வருகிறது. பாதுகாப்பான பொருளைச் செய்வதும் இரசாயனவியலாளரின் வேலைதான். நம் மண்ணின் நோய்க்குக் காரணம் தேடுவதும் அவர்களுடைய வேலைதான். அந்த வேலைக்கு நம் பிள்ளைகள் வேண்டும்.

இனி நம் வீட்டு விஷயம். உயர்தர விஞ்ஞானப் பிரிவு உள்ள 1ஏபி பாடசாலைகள், தமிழ் மொழிமூலம், தோட்டப் பகுதிகளில் மிகக் குறைவு. சாதாரண தரத்தில் விஞ்ஞானத்துக்கும் கணிதத்துக்கும் ஏ எடுத்த பிள்ளை, பக்கத்தில் பிரிவு இல்லாததால் கலைப் பிரிவுக்குப் போகிறாள். கலை படிப்பதில் ஒரு குறையும் இல்லை, விரும்பிப் போனால். பஸ் காசு இல்லாமல் போவது வேறு. இன்னொருத்தி கட்டுநாயக்கா ஆடைத் தொழிற்சாலைக்கும், மற்றொருத்தி கொழும்பில் வீட்டு வேலைக்கும் போகிறாள். லயத்தில் பிறந்த பிள்ளைக்கு மூளை குறைவு என்று இன்று யாரும் வாய்திறந்து சொல்வதில்லை. ஆனால் பதினாறு வயதில் நிறுத்திவிட்டு, வந்த நிறம் இவ்வளவுதான் என்று எழுதிவிடுகிறோம். பளிங்கை எங்கே நிறுத்துவது என்று ஆய்வாளர் யோசித்து முடிவு செய்கிறார். நம் பிள்ளைகள் விஷயத்தில் அதை முடிவு செய்வது பஸ் கட்டணமும் ஆசிரியர் வெற்றிடமும்.

ஆகையால் சங்கத்தின் முன் மூன்று வேண்டுகோள்களை வைக்கிறோம். ஒன்று, லுணுகலை, பசறை, ஸ்பிரிங்வெலி பக்கத்துப் பிள்ளைகள் இங்கே வந்து விஞ்ஞானம் படிக்க, பயணத்துக்கும் தங்குமிடத்துக்கும் இரண்டு வருடம் முழுவதும் ஓடும் உதவித்தொகை. முதல் வருடத்தோடு நின்றுபோகும் உதவி வேண்டாம். இரண்டு, ஓய்வுபெற்ற இரசாயனவியல், பௌதிகவியல் ஆசிரியைகள் சனிக்கிழமைகளில் ஆய்வுகூடத்தைத் திறந்து, தோட்டப் பாடசாலைப் பிள்ளைகளின் கையில் சோதனைக் குழாயைக் கொடுப்பது. படத்தில் பார்த்த பரிசோதனையும் கையால் செய்த பரிசோதனையும் ஒன்றல்ல. மூன்று, முதல் தவணைப் பரீட்சையில் 20 புள்ளி எடுத்த பிள்ளையைப் பிரிவு மாறச் சொல்லுமுன், அவளோடு இன்னொரு தவணை உட்காருவது. இதற்குப் பணம்கூடத் தேவையில்லை.

வெளிநாடுகளில் இருக்கும் அக்காமாரே, தங்கைமாரே, நூற்றாண்டு மண்டபத்துக்குப் பெயின்ட் அடிக்க நீங்கள் அனுப்பும் பணத்துக்கு நன்றி. சுவருக்கு அடித்தது போக மிச்சம் இருந்தால், ஆய்வுகூடத்துக்கும் ஒரு பிள்ளையின் பஸ் காசுக்கும் தாருங்கள். பெயர்ப் பட்டியல் பொருளாளரிடம் இருக்கிறது. போகுமுன் உங்கள் பெயரையும் எழுதிவிட்டுப் போங்கள்.