பாடம் இணையத்தில், ஆசிரியர் பக்கத்தில்



"இனி எல்லாம் ஆன்லைன்தான்" என்று ஒரு சாரார் முழங்குகிறார்கள். "நம்ம ஊருக்கு அது சரிப்படாது" என்று இன்னொரு சாரார் கையை விரிக்கிறார்கள். நான் இரண்டு கட்சியிலும் இல்லை. எனக்கு இரண்டே கேள்விகள். பாடம் பார்க்கும் செலவு யார் தலையில்? சந்தேகம் வந்தால் பிள்ளை யாரிடம் போவது?

முதல் கேள்விக்கு இலங்கையைப் பாருங்கள். 2020இல் கொரோனா வந்து பல்கலைக்கழகங்களைப் பூட்டியது. அங்கே உயர்கல்விக்கென்றே 'லேர்ன்' என்ற வலையமைப்பு ஏற்கெனவே இருந்தது. அதன் வழியாகப் பாடம் படிக்கும் மாணவருக்கு டேட்டா கட்டணம் வேண்டாம் என்று தொலைபேசி நிறுவனங்கள் அப்போது ஒத்துக்கொண்டன. போனும் சிக்னலும் இல்லாதவருக்கு அது போதவில்லை, உண்மைதான். ஆனால் ரீசார்ஜுக்குக் காசில்லாத வீட்டுப் பிள்ளைக்கு வகுப்புக் கதவு திறந்தது. பணக்கார நாடா செய்தது இதை?

இரண்டாவது கேள்விக்கு விடை நம்மிடமே இருக்கிறது. 2003இல் ஐஐடிகளும் பெங்களூரு ஐஐஎஸ்சியும் சேர்ந்து என்பிடெல் என்ற இணையப் பாடத் திட்டத்தைத் தொடங்கின. பாடம் இலவசம், யாரும் பார்க்கலாம். ஆனால் வீடியோவோடு நிற்கவில்லை. 2014இல் சான்றிதழ்ப் படிப்பு வந்தது. வாரந்தோறும் பயிற்சிக் கணக்குகள். அதற்கு 25 மதிப்பெண். மீதி 75க்குத் தேர்வு மையத்துக்கு நேரில் போய் எழுத வேண்டும். கல்லூரியிலேயே வழிகாட்ட 'மென்டர்' என்று ஓர் ஆசிரியர். பாதியில் ஓடிப்போகும் பிள்ளையைப் பிடித்து உட்கார வைப்பவர் அவர்தான்!

2021இல் பல்கலைக்கழக மானியக் குழு, ஒரு பருவத்துப் பாடங்களில் 40 விழுக்காடு வரை, என்பிடெல் பாடங்களும் உள்ள ஸ்வயம் என்ற அரசு இணையத் தளம் வழியாகப் படிக்கலாம் என்றது. நல்ல வாய்ப்பு. ஆனால் அந்த நாற்பதைப் பார்த்ததும் நிர்வாகத்துக்குக் கணக்குப்பிள்ளைப் புத்தி வரக்கூடாது. "ஆகா, 40 விழுக்காடு ஆசிரியர் மிச்சம்!" என்று கூட்டிக் கழிக்கக் கூடாது.

அதனால் நிர்வாகங்களிடம் மூன்றே கேட்கிறேன். மென்டருக்குக் கால அட்டவணையில் மணி ஒதுக்குங்கள். அதை அவருடைய பணிச்சுமைக் கணக்கில் சேருங்கள். கணினி ஆய்வகத்தை மாலையிலும் திறந்து வையுங்கள். இந்த மூன்றையும் செய்துவிட்டு, நாற்பது போதாது, ஐம்பது வேண்டும் என்று கேளுங்கள். மனுவை நானே எழுதித் தருகிறேன்.