தூக்காத பாரம்

(சங்கத்தின் ஆண்டுவிழாவில் நிகழ்த்திய உரை)



"தேகாப்பியாசம் பற்றி ஏதாவது சொல்லும், தம்பி" என்று செயலாளர் அவர்கள் என்னைக் கேட்டார். பாரந்தூக்குவதைப் பற்றிப் பேசுவேன் என்று அவர் எண்ணியிருப்பார். நானோ பாரந்தூக்காமல் இருப்பதைப் பற்றிப் பேச வந்திருக்கிறேன். பின்வரிசையில் சிரிப்பது கேட்கிறது. இவனுக்கு நன்றாய்த் தெரிந்த விஷயம் அதுதான் என்று என் அம்மானும் நினைப்பார்.

சென்ற கச்சான் காலத்தில் பல்கலைக்கழக விடுமுறைக்கு ஊர் வந்தேன். காலையில் அம்மானின் வெற்றிலைத் தோட்டத்தில் மண்வெட்டியும் தண்ணீர் இறைப்பும். மாலையில் நம் கொட்டகையில் பாரம். வாரத்தில் ஏழு நாளும் இப்படியே மூன்று வாரம் நடந்தது. ஒரு நாள் விட்டாலும் உடம்பு கரைந்துபோகும் என்று பயந்தேன். நாலாவது வாரத் தொடக்கத்தில், முதல் வாரத்தில் இலேசாகத் தூக்கிய 70 கிலோவை ஸ்னாட்ச் முறையில் தலைக்குமேல் கொண்டுபோனேன். தோள் விட்டுக்கொடுத்தது. மூன்று மாதம் வலக்கையால் தலைவாரவும் முடியாதிருந்தேன். குற்றம் கம்பியினதன்று, என்னுடையதே.

பாரந்தூக்கும் வேளையில் தசை வளர்வதில்லை. அவ்வேளையில் அது நைந்துபோகிறது. சேர்த்துவைத்த சக்தியும் செலவாகிறது. நாம் உண்டு உறங்கும்போதே உடல் அதைப் பழுதுபார்த்து, முன்னிருந்ததிலும் சற்று வலுவாய்க் கட்டுகிறது. கடும் பயிற்சியின்பின் இவ்வேலை ஓரிரு நாட்கள் நடக்கும். தசைநாண்களுக்கு இரத்த ஓட்டம் குறைவாதலால் அவை இன்னும் தாமதமாகவே தேறும். ஆழ்ந்த நித்திரையில், விசேஷமாக முன்னிரவில், வளர்ச்சிச் சுரப்பு மிகுதியாய் வெளிவருகிறது. இரவு பன்னிரண்டு மணிவரை கைபேசியோடு விழித்திருக்கும் தம்பிமார் இதைக் கவனிப்பார்களாக. ஹான்ஸ் செலியே என்னும் வைத்திய விஞ்ஞானி 1936இல் எலிகளை ஆராய்ந்து எழுதினார்: எந்தத் துன்பம் நேர்ந்தாலும் உடல் முதலில் திடுக்கிடும், பின் எதிர்த்து நிற்கும், துன்பம் ஓயாவிட்டால் முடிவில் களைத்து விழும் என்று. மூன்றாவது படிக்கு நான் மூன்று வாரத்தில் போய்ச் சேர்ந்தேன்.

நம்மூரார் மறந்துவிடும் ஒன்றுண்டு. மண்வெட்டி பிடிப்பதும் தண்ணீர் இறைப்பதும் படுவான்கரையில் நெல்மூட்டை சுமப்பதும் உடலின் கணக்கில் பாரமே. பயிற்சிப் புத்தகம் எழுதுபவர் பகலெல்லாம் நாற்காலியில் இருப்பவனை மனதில் வைத்து எழுதுகிறார். தோட்டக்காரன் அப்படியே பின்பற்றினால் ஒரு நாளில் இரண்டு நாள் பயிற்சி செய்தவனாவான். விரதகாலத்திலும் இதே எச்சரிக்கை வேண்டும். கந்தசஷ்டி ஆறு நாளும் உபவாசம் இருப்பவன் அந்த நாட்களில் கம்பியைத் தொடாதிருப்பது நல்லது.

ஒரு வீரரின் கதை சொல்கிறேன். தமிழ்நாட்டின் வேலூரைச் சேர்ந்த சதீஷ்குமார் சிவலிங்கம், 2014இல் கிளாஸ்கோ பொதுநலவாய விளையாட்டில் 77 கிலோ எடைப்பிரிவில் ஸ்னாட்சில் 149, கிளீன் அன் ஜேர்க்கில் 179, ஆக 328 கிலோ தூக்கித் தங்கப் பதக்கம் வென்றார். அடுத்த பொதுநலவாய விளையாட்டுக்கு முன் நடந்த தேசியப் போட்டியில் 194 கிலோவைத் தூக்க முயன்றபோது அவருடைய தொடைத்தசை காயப்பட்டது. பூரண சுகமில்லாமலே 2018இல் கோல்ட் கோஸ்ட் சென்றார். ஸ்னாட்சில் 144, மற்றதில் 173, ஆக 317 கிலோ. பழைய தொகையிலும் 11 கிலோ குறைவு. வீரர் ஒவ்வொருவருக்கும் இரு முறைகளிலும் மும்மூன்று சந்தர்ப்பம் உண்டு. இங்கிலாந்து வீரர் 312இல் நின்றுவிட்டார். சதீஷுக்குக் கடைசிச் சந்தர்ப்பம் ஒன்று மிஞ்சியிருந்தது. அதை அவர் தூக்கவில்லை. தங்கம் அவருக்கே கிடைத்தது. சனங்களின் கைதட்டலுக்காக ஒருமுறை தூக்கிப் பார்க்கலாமென்று என்னைப்போன்றவனுக்குத் தோன்றியிருக்கும்.

பல்கேரிய நாட்டார் தினமும் உச்சப் பாரம் தூக்கி உலகை வென்றார்களே என்று ஒரு நண்பர் வாதாடினார். இவான் அபட்சீயெவ் என்ற பயிற்சியாளர் அப்படித்தான் பழக்கினார். ஆயின் அவர் நாளைச் சிறு சிறு பயிற்சிகளாகப் பிரித்து, இடையிடையே இளைப்பாற விட்டார்; அவ்வீரர்களுக்கு வேறு தொழிலும் இல்லை. 1988இல் சியோல் ஒலிம்பிக்கில் தடைசெய்த மருந்து காரணமாக அந்நாட்டின் இரு தங்கப் பதக்கங்கள் பறிபோய், அணியே வீடு திரும்பிய கதையையும் சேர்த்தே சொல்லவேண்டும்.

ஓய்வு என்றால் சோம்பல் என்று நினைக்கும் பெரியோருக்கு ஒரு விண்ணப்பம். அம்மான் வெற்றிலை கிள்ளும்போது முற்றிய இலையை எடுத்துக் கொழுந்தை விட்டுவிடுவார். மறுநாளே அந்தக் கொடியில் கைவைக்கவும் மாட்டார். "கொடி மூச்சு விடட்டும், மருமகன்" என்பார். அவரைச் சோம்பேறி என்று இவ்வூரில் எவரும் சொன்னதில்லை. நான் கற்ற மிஷன் பாடசாலையிலும் ஞாயிற்றுக்கிழமை விளையாட்டுத்திடல் பூட்டியே கிடக்கும். அந்நாளில் அதற்காக எவ்வளவு முணுமுணுத்தோம்!

ஆகையால் சங்கத்துக்கு என் யோசனை இது. திங்களும் வியாழனும் கடும் பயிற்சி. புதனும் சனியும் இலேசான பாரத்தோடு முறையைப் பழகுதல். கனத்த தூக்கு ஒன்றுக்கும் அடுத்ததற்கும் இடையே இரண்டு முதல் ஐந்து நிமிடம் இருந்து ஆறவேண்டும். காலையில் எழும்போது நாடி வழக்கத்திலும் வேகமாய் அடித்தால், அல்லது நேற்றைய பாரம் இன்று மெதுவாய் ஏறினால், அன்று வீட்டுக்குப் போய்விடவேண்டும். செவ்வாய், வெள்ளி, ஞாயிறு மூன்று நாளும் கொட்டகை பூட்டியிருக்கட்டும். திறப்பைப் பொருளாளர் அண்ணனிடம் கொடுத்துவைப்போம். அந்நாட்களில் நானே வந்து கெஞ்சினாலும் அவர் அதைத் தரவேண்டாம்.