பியூசி முடிந்தது, என்ன காம்பினேஷன்?

பெங்களூரு ரிச்சர்ட்ஸ் டவுனில் பியூசி, அதாவது பிளஸ் டூ, முடித்த பிள்ளை இருக்கும் வீட்டுக்குப் போனால், முதலில் காதில் விழும் கேள்வி "என்ன காம்பினேஷன்?" என்பதுதான். கண்டோன்மென்ட் பகுதித் தமிழ் வீடுகளிலும் இந்தச் சொல் அப்படியே வழங்குகிறது. தமிழ்நாட்டு பிஎஸ்சியில் ஒரு முதன்மைப் பாடம், கூடவே துணைப்பாடங்கள். பெங்களூருக் கல்லூரிகளிலோ மூன்று பாடங்களைச் சமமாகப் படிக்கும் வழக்கம் நெடுங்காலமாக உண்டு. இந்த மூன்று பாடச் சேர்க்கையைத்தான் காம்பினேஷன் என்கிறார்கள். அப்படியொரு காம்பினேஷன் பிஎம்சிஎஸ்: இயற்பியல், கணிதம், கணினி அறிவியல்.

இதைக் கணினிப் பயிற்சி என்று நினைத்துச் சேர்பவர்கள் முதல் பருவத்திலேயே திகைத்துப்போகிறார்கள். ஒருபுறம் இயற்பியல் ப்ராக்டிகல், ரெக்கார்ட் நோட்டு. இன்னொருபுறம் நிரூபணம் கேட்கும் கணிதம். இவற்றுக்கு நடுவேதான் நிரல் எழுதும் வேலை.

ஆனால் இந்தப் படிப்பின் சுவையும் அங்கேதான் இருக்கிறது. ஒரு மீட்டர் நீள ஊசலை எடுத்துக்கொள்வோம். சிறிதாக ஆட்டினால் ஓர் அலைவுக்கு ஏறக்குறைய 2 விநாடி. பாடநூல் சூத்திரமும் அதையே சொல்கிறது. 60 பாகை தூக்கி விட்டால் அந்த நேரம் சுமார் 7 சதவீதம் கூடிவிடும், எளிய சூத்திரம் கைவிட்டுவிடும். ஊசலின் வகைக்கெழுச் சமன்பாட்டை எழுதக் கணிதம் வேண்டும். அதைச் சிறு சிறு படிகளாகத் தீர்க்க இருபது முப்பது வரி நிரல் போதும். விடை சரியா என்று இயற்பியல் ஆய்வகத்தில் கடிகாரம் வைத்துப் பார்த்துக்கொள்ளலாம். மூன்று நோட்டில் தனித்தனியாகக் கிடப்பதை ஒரே மேசைக்குக் கொண்டுவருவது பெரும்பாலும் மாணவரின் வேலை. அதைச் செய்பவருக்கே இந்தப் பட்டம் முழுதாகக் கைவரும்.

இயற்பியலில் தொடங்கிக் கணினிக்குப் போனவர்களுக்கு ஓர் உதாரணம், கணினி அறிவியல் பேராசிரியர் வி. ராஜாராமன். ஈரோட்டில் பிறந்த அவர் கல்லூரியில் படித்தது இயற்பியல். பிறகு பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்துக்கு வந்தார். அன்று இந்தியாவில் கணினி அறிவியல் என்றொரு பட்டமே கிடையாது. 1960களில் ஐஐடி கான்பூரில் அந்தப் பாடத்தை முதுநிலையில் தொடங்கிவைத்தவர்களில் அவர் முக்கியமானவர். அவர் எழுதிய பாடநூல்களைப் படித்துத்தான் பல தலைமுறைகள் நிரல் எழுதக் கற்றன.

பட்டத்துக்குப் பிறகு வழிகள் பல. எம்சிஏ 2020 முதல் இரண்டே ஆண்டு. 'ஜாம்' நுழைவுத்தேர்வில் தேறினால் ஐஐடிகளில் எம்எஸ்சி இயற்பியலுக்கோ கணிதத்துக்கோ போகலாம். மென்பொருள் நிறுவனங்களும் பிஎஸ்சி பட்டதாரிகளை எடுக்கின்றன.

கர்நாடகத்தில் 2021இல் நான்காண்டுப் பட்டப்படிப்புத் திட்டம் வந்தது. 2024இல் மாநில அரசு மூன்றாண்டுப் பட்டத்துக்கே திரும்பியது. அதனால் அண்ணனோ அக்காவோ படித்த பாடத்திட்டத்தை நம்பி விண்ணப்பிக்க வேண்டாம். கல்லூரிக்கு நேரில் போய், இறுதியாண்டில் மூன்று பாடமும் தொடருமா, இரண்டு துறை சேர்ந்த ப்ராஜெக்ட் செய்ய விடுவார்களா என்று கேட்டுக்கொண்டு சேருங்கள்.